டீசலும் உறையும்! பனி நாட்டு லொறிச் சாரதிகளுக்கான கேள்வி – பதில்

துறைமுகத்துக்கும் ஒருகொடவத்தைக்கும் இடையில் பிரைம் மூவர் ஓட்டிப் பழகிய பலர் இப்போது கனடாவிலும் ருமேனியாவிலும் போலந்திலும் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். போகத் தயாராகிறவர்களும் அவர்களின் வீட்டாரும் எழுதிய கடிதங்களில் கடுங்குளிரைப் பற்றியவற்றுக்கு இந்த முறை பதில். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் பாகையில்.

கே: ஜனவரியில் கனடாவின் மனிட்டோபாவுக்கு வேலைக்குப் போகிறேன். அங்கே டீசல் உறைந்து லொறி நடுவழியில் நிற்கும் என்கிறார்கள். எண்ணெய் எப்படி உறையும்? நின்றால் என்ன செய்வது?
– ம.ச., கிராண்ட்பாஸ்

தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 24 பாகைக்குக் கீழே அது வெள்ளையாகக் கட்டிபடும். டீசலுக்குள்ளும் மெழுகு கரைந்திருக்கிறது. குளிரக் குளிர அது பொடிப்பொடியாகப் பிரிந்து எண்ணெய் கலங்கலாகும். ‘கலங்கும் புள்ளி’ என்பது இந்த வெப்பநிலைதான். அதற்கு இன்னும் சில பாகை கீழே போனால் மெழுகுத் துகள்கள் ஃபில்டரை அடைத்துவிடும். டாங்கியில் டீசல் திரவமாகவே இருக்கும், ஆனால் எஞ்சினுக்குப் போகாது.

ஆகவே உறைந்த டீசல் என்றால் கல்லாகிய டீசல் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: காலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஃபில்டருக்குள் மிஞ்சியிருக்கும் எண்ணெயில் சில நிமிடங்கள் ஓடும், நெடுஞ்சாலையில் ஏறி அக்சிலரேட்டரை அழுத்தியதும் இழுவை குறையும், பிறகு நின்றுவிடும்.

பனி நாடுகளில் மாரிகாலத்துக்கென்று தனி டீசல் விற்கிறார்கள். ஐரோப்பியத் தரத்தில் ஆர்க்டிக் வகைகள் ஐந்து உண்டு. முதலாவது -20 வரையும் கடைசி -44 வரையும் ஃபில்டரை அடைக்காது. வட அமெரிக்காவில் ‘நம்பர் 2’ என்பது வழமையான டீசல். ‘நம்பர் 1’ மண்ணெண்ணெயை ஒத்த மெல்லிய டீசல், குளிரைத் தாங்கும். ஆனால் அதில் சக்தி குறைவு, பம்புக்குக் கிடைக்கும் வழுவழுப்பும் குறைவு. அதனால் இரண்டையும் கலந்து விற்பார்கள்.

மாட்டிக்கொள்கிறவர் யாரென்றால், தெற்கே டெக்சஸில் மலிவாக டாங்கியை நிரப்பிக்கொண்டு இரண்டு நாளில் மனிட்டோபாவின் வினிப்பெக் போய்ச் சேருகிறவர். ஸ்பெயினில் நிரப்பிக்கொண்டு போலந்துக்கு ஏறுகிறவருக்கும் இதே கதைதான். வடக்கே போவதானால் டாங்கி காற்பங்குக்கு இறங்கிய பிறகு அந்தக் குளிர்ப் பிரதேசத்திலேயே நிரப்புங்கள். மெழுகு கட்டாமல் தடுக்கும் மருந்தை, டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். மருந்து முதலில், டீசல் பிறகு. அப்போதுதான் நன்றாகக் கலக்கும். கலங்கிய டீசலில் இந்த மருந்தை ஊற்றுவது வீண்செலவு. அந்த நிலைக்கு, கட்டிய மெழுகைக் கரைக்கும் அவசர மருந்து வேறாக விற்கப்படுகிறது. அதில் ஒரு போத்தலும், உங்கள் எஞ்சினுக்குரிய புதிய ஃபில்டர் இரண்டும், அதைக் கழற்றும் பட்டிச்சாவியும் கபினுக்குள்ளேயே இருக்கட்டும். வெளிப்பெட்டியில் வைத்த மருந்தும் குளிர்ந்து தடித்துவிடும்.

நின்றுவிட்டால்: அடைபட்ட ஃபில்டரைக் கழற்றிப் புதியதைப் பூட்டுங்கள், போத்தலில் எழுதியுள்ள அளவுக்கு அவசர மருந்தை டாங்கியிலும் ஃபில்டரிலும் ஊற்றுங்கள், கைப்பம்பால் காற்றை வெளியேற்றுங்கள், பதினைந்து இருபது நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபில்டரில் முன்கூட்டியே எண்ணெய் நிரப்பலாமா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும், கைந்நூலைப் பாருங்கள். டீசலில் பெற்றோல் கலக்கும் பழைய வித்தையை இன்றைய உயர் அழுத்த எஞ்சினில் செய்யவே கூடாது. டாங்கிக்குக் கீழே நெருப்பு மூட்டுவதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை, ஆனாலும் மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, எல்லாப் பழியும் மெழுகுக்கல்ல. ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீர் பனிக்கட்டியானாலும் இதே அறிகுறிதான். எஞ்சின் சூடாக இருக்கும்போதே, அதாவது மாலையில் நிறுத்தியவுடன், அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். டாங்கியை நிரப்பி நிறுத்தினால் உள்ளே காற்று குறையும், அதிலிருந்து படியும் ஈரமும் குறையும்.

கே: இங்கே 15டபிள்யூ-40 எஞ்சின் ஒயில்தான் ஊற்றுகிறோம். அங்கேயும் அதுவா?
– ஒரு வாசகர், மட்டக்குளி

கொழும்புக்கு அது சரி. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எஞ்சின் சுழல்வதைக் குறிக்கும். 15டபிள்யூவை -20 பாகையிலும், 10டபிள்யூவை -25இலும், 5டபிள்யூவை -30இலும், பூச்சிய டபிள்யூவை -35இலும் வைத்துச் சோதிக்கிறார்கள். மேற்குக் கனடாவின் மாரிக்கு 5டபிள்யூ-40 அல்லது பூச்சிய டபிள்யூ-40. கிரீஸுக்கும் இதே நியாயம்தான். ட்ரெய்லரைத் தாங்கும் ஐந்தாம் சில்லுத் தட்டில் தடித்த கிரீஸ் இறுகிவிட்டால், அதன் தாடை ட்ரெய்லரின் அடியிலுள்ள கிங் பின் முளையை முழுதாகக் கவ்வாது. ட்ரெய்லரைக் கொழுவியதும் இழுத்துப் பாருங்கள், பிறகு டோர்ச் அடித்துக் கண்ணாலும் பாருங்கள்.

கே: எயார் பிரேக் வாகனம் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன். குளிரில் பிரேக் ‘பிடித்துக்கொள்ளும்’ என்றும் ‘பிடிக்காமலே போகும்’ என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எது சரி?
– சா.கு., ஒருகொடவத்தை

இரண்டும் சரி, இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான்.

கொழும்பின் ஈரக்காற்றில் எயார் டாங்கியிலிருந்து நாளாந்தம் தண்ணீர் திறந்துவிட்டுப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். இங்கே அந்தத் தண்ணீர் துருவைத்தான் தரும். அங்கே வால்வுக்குள் உறைந்து, மிதியை அழுத்தியும் காற்றுப் போகாமலோ, விட்டும் காற்று வெளியேறாமலோ செய்துவிடும். காற்றை உலர்த்தும் எயார் ட்ரையரின் உள்ளுறையை மாரி தொடங்குமுன் மாற்றுவதும், அதன் கீழ் வால்வுக்குள் இருக்கும் சிறு ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் வாகனச் சொந்தக்காரரின் பொறுப்பு. கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. டாங்கியைத் திறந்ததும் தண்ணீர் நிறைய வந்தால் ட்ரையர் செத்துவிட்டது. மெதனோல் ஊற்றினால் சரியாகும் என்பார்கள். வழியில் அகப்பட்டுக்கொண்டபோது கொஞ்சம் ஊற்றி உயிர்தப்பலாம், ஆனால் அது ட்ரையரின் உலர்த்தியையும் ரப்பர் சீல்களையும் கெடுக்கும். தயாரிப்பாளர் அனுமதிக்காவிட்டால் வழமையாக ஊற்றாதீர்கள்.

‘பிடித்துக்கொள்வது’ வேறு கதை. சேற்றுப்பனியில் ஓடி வந்து, பிரேக் ஈரமாகவும் சூடாகவும் இருக்கும்போது பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், விடிவதற்குள் ஷூ ட்ரம்முடன் ஒட்டி உறைந்திருக்கும். நிறுத்துவதற்கு முன் கடைசிச் சில நூறு மீற்றர் தூரம் பிரேக்கை மெதுவாக அழுத்தியபடி வந்து ஈரத்தைக் காயவிடுங்கள். சமதரையானால் பார்க்கிங் பிரேக்கைப் போடாமல் சில்லுகளுக்குக் கட்டை வைத்து நிறுத்துவதே நல்லது. கட்டை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

காலையில் ஒட்டியிருந்தால் காற்றை முழு அழுத்தத்துக்கு, சுமார் 120 பி.எஸ்.ஐக்கு, ஏற்றுங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கும் இரண்டு பொத்தான்களையும் உள்ளே தள்ளி, மிகக் குறைந்த கியரில் மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். விடாவிட்டால் இழுக்காதீர்கள். கட்டை வைத்துவிட்டு, ஒட்டிய ட்ரம்மைச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினால் பெரும்பாலும் ‘டக்’ என்று விடும். சுடுதண்ணீர் ஊற்றினால் சில நிமிடத்தில் அது புதிய பனிக்கட்டியாகும். புறப்பட்டதும் கண்ணாடியில் ட்ரெய்லரின் ஒவ்வொரு சில்லும் சுழல்கிறதா என்று பாருங்கள். வெறும் ட்ரெய்லரின் சில்லு சுழலாமல் பனியில் வழுக்கிக்கொண்டே வரும், உங்களுக்குத் தெரியாது. பனியில்லாத தார் வந்ததும் டயர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும்.

காற்றுக்குழாய்களை இணைக்கும் கைப்பிடிகளின் ரப்பர் வளையம் குளிரில் இறுகிக் கசியும். சில்லறைக் காசுதான், நாலு வளையம் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கே: என் மகன் சஸ்கச்சுவானில் ட்ரக் ஓட்டுகிறான். இரவில் எஞ்சினை நிறுத்தாமலே உள்ளே படுக்கிறானாம். புகை உள்ளே வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமில்லை ஐயா.
– ஒரு தாய், வெள்ளவத்தை

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எஞ்சின் ஓடுவதல்ல ஆபத்து. புகை வெளியேறும் வழி அடைபடுவதும் குழாயில் ஓட்டை இருப்பதும்தான். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தலையிடி, குமட்டல், தூக்கம் என்று வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. மகனிடம் இவற்றைக் கேளுங்கள்: கபினுக்குள் பற்றறியில் இயங்கும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா? படுக்குமுன் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுகிறாரா? படுக்கை ஹீட்டருக்குத் தனிப் புகைக்குழாய் உண்டு, அது கபினின் அடியில் இருக்கும். மேலே போகும் பெரிய குழாயைப் பார்த்துவிட்டு, அடியில் இருக்கும் இந்தச் சின்னக் குழாயை மறந்துவிடுவார்கள். காற்று பனியைக் குவித்து அடைப்பது இதைத்தான்.

அந்த ஹீட்டர் இருந்தால் எஞ்சினை இரவு முழுதும் ஓடவிட வேண்டியதும் குறையும். ட்ரக் எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்குச் சுமார் 3 லீற்றர் குடிக்கும். ஹீட்டருக்கு மணிக்குக் கால் லீற்றர்கூட வேண்டாம். கடுங்குளிரில் 600 சுற்றில் சும்மா ஓடும் எஞ்சின் சூடேறாமல், டீசல் முழுதாக எரியாமல் கரி கட்டும். ஓடவிடத்தான் வேண்டும் என்றால் 1000 சுற்றுக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள்.

வண்டி நின்றுபோனால் இறங்கி நடக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். காற்றோடு சேர்த்து -28 போல் உணரும் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையும். -40இல் 5 முதல் 10 நிமிடம். உள்ளேயே இருப்பதற்கு ஸ்லீப்பிங் பேக், மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும், இரண்டு நாளுக்கான உலர் உணவு, வழமையாக எடுக்கும் மருந்து, நிரம்பிய பவர் பேங்க் இவ்வளவும் வேண்டும். தண்ணீர்ப் போத்தலை விளிம்புவரை நிரப்பாமல் படுக்கைக்கு அருகே வைக்கட்டும்.

கே: நுவரெலியாவிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறேன். றேடியேற்றருக்குக் குழாய்த் தண்ணீர்தான். அடுத்த வருடம் லிதுவேனியாவுக்குப் போக எண்ணம். அங்கே கூலண்ட் கட்டாயமா?
– இ.வே., கந்தப்பளை

கட்டாயம். தண்ணீர் உறையும்போது 9 வீதம் விரியும், எஞ்சின் புளொக் வெடிக்கும். எதிலீன் கிளைக்கோலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் -37 வரை உறையாது. 60 வீதம் கிளைக்கோல் என்றால் -52 வரை. ‘நிறைய ஊற்றினால் நிறையத் தாங்கும்’ என்று நூறு வீதம் ஊற்றினால் -13 அளவிலேயே உறைந்துவிடும். தண்ணீரும் கிளைக்கோலும் சேர்ந்தால்தான் வித்தை.

உங்களுக்குள்ள ஆபத்து வேறு. கடுகண்ணாவையில் சூடேறினால் கான் தண்ணீரை ஊற்றும் கை அது. 40 லீற்றர் கூலண்டில் 4 லீற்றர் கசிந்து, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் கலவை 45 வீதமாகும், தாங்கும் அளவு -30க்கு அருகே வந்துவிடும். இன்னொரு முறை செய்தால் சுமார் -24. கலந்தே விற்கும் கூலண்டை மட்டும் ஊற்றுங்கள், அதுவும் அதே வகையாக. துளி விட்டு ஒளியில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீற்றர் ஒன்று விலை அதிகமில்லை.

நுவரெலியாவில் ஜனவரியில் புல்லில் உறைபனி படிந்தாலும் உங்கள் றேடியேற்றர் உறைவது அரிது. ஆனால் குழாய்த் தண்ணீர் ஏற்படுத்தும் துருவுக்காக இங்கேயும் கூலண்ட் ஊற்றலாம்.

கே: குளிரில் பற்றறி ஏன் சாகிறது? ஜம்ப் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?
– மோ.ர., பஞ்சிகாவத்தை

-18 பாகையில் நல்ல பற்றறியும் தன் ஸ்டார்ட் சக்தியில் சுமார் 40 வீதத்தைத்தான் தரும். அதே நேரம் ஒயில் தடித்து எஞ்சின் இரட்டிப்புச் சக்தி கேட்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றறி -50இலும் உறையாது. இறங்கிய பற்றறி -10க்குள்ளேயே உறைந்துவிடும். பக்கம் உப்பியிருந்தால் அது உறைந்தது, அதற்கு ஜம்ப்பும் சார்ஜும் கொடுத்தால் வெடிக்கும்.

இங்கத்தைய ஜப்பான் லொறிகளும் ஐரோப்பிய ட்ரக்குகளும் 24 வோல்ட். வட அமெரிக்க ட்ரக் 12 வோல்ட்தான், மூன்று நான்கு பற்றறிகளைச் சமாந்தரமாகக் கொழுவியிருப்பார்கள். பற்றறிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வோல்ட்டை ஊகிக்காதீர்கள். 24ஐக் கொண்டுபோய் 12இல் கொழுவினால் எலெக்ட்ரோனிக்ஸ் முழுதும் போகும்.

ஜம்ப்புக்கு முன், எஞ்சினைச் சூடாக்கும் புளொக் ஹீட்டரை நினையுங்கள். ரேடியேற்றரின் முன்புறம் தொங்கும் பிளக்கை, புறப்பட 3, 4 மணித்தியாலத்துக்கு முன் கொழுவினால் பாதிப் பிரச்சினை தீரும். அது 1000 முதல் 1500 வாட் இழுக்கும், ஆகவே மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறி உருகும். ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யும் வழக்கமிருந்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர் உள்ள எஞ்சினில் அது தீப்பிடித்து வெடிக்கும்.

கே: அட்புளூ உறையுமா?
– பெயர் குறிப்பிடவில்லை, வத்தளை

புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் இந்த யூரியாக் கரைசல் -11 பாகையில் உறையும். பயப்பட வேண்டாம், டாங்கிக்குள் ஹீட்டர் இருக்கிறது. உறைந்திருந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓட ஓட உருகும். உறையும்போது விரிவதால் விளிம்புவரை நிரப்பாதீர்கள். உறையாமலிருக்க எதையும் அதில் கலக்காதீர்கள், புகைச் சுத்திகரிப்புத் தொகுதியே கெட்டு லட்சக்கணக்கில் செலவாகும்.

கே: பனி விழுந்த பாதையில் எப்படி பிரேக் பிடிப்பது? மலைப்பாதையில் எக்ஸோஸ்ட் பிரேக்கில் இறங்கிப் பழகியவன் நான்.
– ஜெ.அ., கொட்டாஞ்சேனை

அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மறக்க வேண்டும். எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைத்து ஹப்புத்தளை இறக்கத்தில் காப்பாற்றும் எக்ஸோஸ்ட் பிரேக், வழுக்கும் பாதையில் இழுவைச் சில்லுகளை மட்டும் பிடித்து நிறுத்தும். பின்னால் ட்ரெய்லர் தள்ளும். வண்டி கத்தி மடிவதைப் போல மடியும். எஞ்சின் பிரேக், வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டர், வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் குரூஸ் மூன்றும் வழுக்கும் பாதையில் நிறுத்தியே இருக்கட்டும்.

பிரேக் பிடித்ததில் ட்ரெய்லரே சறுக்கி மடியத் தொடங்கினால் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். ட்ரெய்லர் கைப்பிரேக்கை இழுத்தால் நிமிரும் என்பது பிழை. சறுக்குவது ட்ரெய்லரின் சில்லுகள் பூட்டிக்கொண்டதால்தான், அவை மீண்டும் சுழன்றால்தான் பாதையைப் பிடிக்கும்.

வேகத்துக்குக் கனடா, அமெரிக்கப் பயிற்சிகளில் சொல்லும் கணக்கு: ஈரப்பாதையில் மூன்றிலொரு பங்கு குறை, இறுகிய பனியில் பாதியாக்கு, பனிக்கட்டியானால் ஊர்ந்துபோய்ப் பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்து. 90இல் போகிறவர் முறையே 60, 45.

-30 பாகைப் பனிக்கட்டியைவிட பூச்சியத்துக்கு அருகிலுள்ள பனிக்கட்டிதான் கூடுதலாக வழுக்கும், மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால். வரட்சிக்குப் பிறகு முதல் மழையில் பேஸ்லைன் வீதி வழுக்குவது நினைவிருக்கிறதல்லவா? அதன் அண்ணன் இது. கறுத்த ஈரத்தாரைப் போலத்தான் தெரியும். முன்னால் போகும் வண்டியின் சில்லுகளைப் பாருங்கள்: பாதை ஈரமாகத் தெரிந்தும் தண்ணீர் தெறிக்காவிட்டால் அது பனிக்கட்டி. பாலங்கள் கீழேயும் குளிர்வதால் முதலில் உறையும். உப்புப் போட்ட பாதை என்று நம்ப வேண்டாம், -10க்குக் கீழே சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்யாது.

எல்ஈடி விளக்குகள் சூடேறாததால் அவற்றின் மேல் படியும் பனி உருகாது. நிறுத்தும் இடமெல்லாம் பின்விளக்குகளைத் துடையுங்கள்.

கே: டயர் காற்றும் சங்கிலியும் பற்றிச் சொல்லுங்கள்.
– ந.பா., தெமட்டகொட

கொழும்பில் 30 பாகையில் 100 பி.எஸ்.ஐ அடித்த டயரை -30இல் கொண்டுபோய் வைத்தால் 77தான் காட்டும். கசிவில்லை, காற்றுச் சுருங்கியதுதான். ஆகவே வண்டி நிற்கும் குளிரிலேயே, ஓடுமுன், அளந்து அடியுங்கள். சூடான கராஜுக்குள் அடித்தது வெளியே வந்ததும் இறங்கிவிடும்.

சங்கிலி என்பது பிரிட்டிஷ் கொலம்பியாவில் சட்டம். ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் கனரக வாகனங்கள் அதை வைத்திருக்க வேண்டும். ஏற்றம் தொடங்குமுன், சமதரையில், பார்க்கிங் பிரேக் போட்டுக் கட்டையும் வைத்துவிட்டுக் கொழுவுங்கள். கொக்கிகளின் கூர்முனை டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி சங்கிலியை டயரின் மேல் போர்த்துங்கள். உள்பக்கக் கொக்கி முதலில், வெளிப்பக்கம் பிறகு. இறுக்கும் சாவியால் இறுக்கி, ரப்பர்ப் பட்டிகளை எதிரெதிராகக் கட்டுங்கள். ஒரு கிலோமீற்றர் ஓடி நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள், இதை விட்டவரின் சங்கிலி அறுந்து மட்கார்ட்டையும் காற்றுக்குழாயையும் கிழிக்கும். வேகம் 50க்குக் கீழே. வெறும் தார் வந்ததும் கழற்றுங்கள். முதல் முறை கொழுவுவது பனிப்புயலில் நடுச்சாமத்தில் என்று ஆகாமல், கம்பனி வளவுக்குள் பகலில் நாலு தரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள்.

கே: இலங்கைக் கனரக லைசன்ஸ் போதும் என்கிறார் முகவர். உண்மையா?
– கி.மு., பம்பலப்பிட்டி

ஒன்ராறியோவில் ட்ரெய்லர் இழுக்கும் ‘ஏ’ வகுப்புக்கு 2017 முதல் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். எயார் பிரேக்குக்கு ‘இசட்’ தகுதியும் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாரதித் தகுதிக் குறியீடு ‘95’ வேண்டும். முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள், காசு கொடுப்பதற்கு முன்.

கே: கொழும்பிலிருந்து என்ன உடுப்பு வாங்கிக்கொண்டு போகலாம்?
– அதே வாசகர்

விமான நிலையத்திலிருந்து வெளியே வருவதற்கு ஒரு தடித்த ஜக்கெற்றும் தொப்பியும் போதும். மற்றதை அங்கே வாங்குங்கள். இங்கே விற்கும் ‘குளிர் உடுப்பு’ நுவரெலியாவுக்கானது. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளுடுப்பு, அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்று புகாத ஜக்கெற். சப்பாத்து ஓரளவு பெரிதாக இருக்கட்டும், இறுகினால் விரல் முதலில் உறையும். கையுறை மூன்று சோடி. டீசல் அடிப்பதற்கு எண்ணெய் ஊறாத ரப்பர் உறை தனியாக வேண்டும், -30 பாகை டீசல் உறையாமலே தோலை உறையவைக்கும். வெறுங்கையால் இரும்பைத் தொடவும் வேண்டாம். சூட்கேஸில் மிஞ்சும் இடத்தில் மிளகாய்த்தூளை வையுங்கள்.